புதிய பள்ளியில் பிள்ளைக்கு நட்பு அமைவது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி மாற்றும்போது பெற்றோரின் கவனம் பாடத்திட்டம், புத்தகம், சீருடை, போக்குவரத்து என்றே போகிறது. பிள்ளையின் மனத்தில் இருப்பது வேறு கேள்வி: இடைவேளை மணி அடித்ததும் நான் யாரிடம் போவது? கீழே உள்ளவை அந்த ஒரு கேள்வியைச் சுற்றி எழுபவை. ஏறத்தாழ 5 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பெற்றோரால் ஒரு நட்பைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்துவிட முடியாது; ஆனால் அது அமைவதற்கான சந்தர்ப்பத்தை மீண்டும் மீண்டும் ஏற்படுத்திக் கொடுக்க முடியும். இந்தப் பதில்கள் அனைத்துக்கும் அடிப்படை அதுவே.

பள்ளியில் சேரும் முன்பே நாங்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

உண்டு, அது நட்பைப் பற்றிய அறிவுரையாக இருக்க வேண்டியதில்லை. முடிந்தால் வகுப்புகள் தொடங்கும் முன் ஒரு நாள் பிள்ளையை அழைத்துச் சென்று வளாகத்தைச் சுற்றிக் காட்டுங்கள். வகுப்பறை எது, கழிப்பறை எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மாலையில் எந்த வாசலில் காத்திருக்க வேண்டும் என்பவை நமக்குச் சிறிய விவரங்களாகத் தோன்றும். கழிப்பறைக்கு வழி தெரியாத பிள்ளையோ, யாரிடம் கேட்பது என்ற தயக்கத்திலேயே இடைவேளை முழுவதையும் கழித்துவிடும். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரிக்க அதற்கு மனம் மிஞ்சாது.

அதே வகுப்பில் படிக்கும் ஒரே ஒரு பிள்ளையை முன்கூட்டியே சந்திக்க வைக்க முடிந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. அந்தப் பிள்ளை பின்னாளில் நண்பனாக நிலைக்க வேண்டும் என்பதில்லை. முதல் நாள் காலையில் வகுப்பறைக்குள் நுழையும்போது தெரிந்த முகம் ஒன்று இருந்தால் போதும்.

"புது ஸ்கூல்ல உனக்கு நிறைய ஃபிரெண்ட்ஸ் கிடைப்பாங்க பாரு" என்று வாக்குக் கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முதல் வாரத்தில் அப்படி நடக்காதபோது, தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று பிள்ளை எண்ணத் தொடங்கும். "முதல்ல கொஞ்ச நாள் யாரையும் தெரியாதுதான், போகப் போகப் பழகிடும்" என்று சொல்லி அனுப்புங்கள். அதில் பொய் இல்லை, ஆறுதல் இருக்கிறது.

நண்பர்கள் கிடைக்க எவ்வளவு காலம் ஆகும்?

பெற்றோர் எதிர்பார்ப்பதைவிட அதிகக் காலம் ஆகும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்த பெரியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் ஆராய்ந்து 2018இல் ஒரு கணக்கை வெளியிட்டார். வெறும் அறிமுகமாக இருந்த ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் இருவரும் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. இது சிறுவர்களிடம் எடுத்த அளவு அன்று. சிறு பிள்ளைகள் இதைவிட விரைவாக ஒட்டிக்கொள்வார்கள். ஆயினும் நட்புக்கு அடிப்படைத் தேவை சேர்ந்து கழிக்கும் நேரம்தான் என்பது எல்லா வயதுக்கும் பொருந்தும். ஒரு பள்ளி நாளில் பிள்ளைகள் தம் விருப்பம்போல் பேசி விளையாடக் கிடைக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், இரண்டாவது வாரத்திலேயே "இன்னும் யாரும் கிடைக்கவில்லையா?" என்று கேட்பது எவ்வளவு அவசரம் என்பது விளங்கும்.

மழலையர் வகுப்பில் சில நாட்களிலேயே சேர்ந்து விளையாடத் தொடங்கிவிடுவார்கள். 8, 9 வயதுக்கு மேல் வகுப்பில் ஏற்கெனவே சிறு சிறு கூட்டங்கள் உருவாகியிருக்கும் என்பதால் ஒரு பருவம் முழுவதும் ஆனாலும் வியப்பில்லை.

என் மகள் ஒதுங்கி நின்று வேடிக்கை மட்டும் பார்க்கிறாள் என்று ஆசிரியர் சொல்கிறார். இது கவலைக்குரியதா?

தொடக்க வாரங்களில் இல்லை. பிள்ளைகளின் விளையாட்டை நெருங்கிக் கவனித்து வகைப்படுத்திய மில்ட்ரெட் பார்ட்டன், 1932இல் வெளியான தம் ஆய்வில், பிறர் விளையாடுவதை நின்று பார்ப்பதையும் ஒரு தனி வகையாகவே குறித்தார். அப்படிப் பார்க்கும் பிள்ளை சும்மா நிற்கவில்லை. யார் தலைமை தாங்குகிறார்கள், யார் கோபக்காரர், இந்த ஆட்டத்துக்கு இங்கே என்ன விதி, தோற்றவர் அழுதால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பவற்றையெல்லாம் அது கற்றுக்கொண்டிருக்கிறது.

பிறவிக் குணமும் இதில் சேரும். அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956 முதல் நியூயார்க்கில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் புதிய இடத்துக்கும் புதிய மனிதர்களுக்கும் மெல்ல மெல்லப் பழகுபவர்களாக இருந்ததைக் கண்டார்கள். இத்தகைய பிள்ளையை "போ, போய்ப் பேசு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினால் அது இன்னும் பின்வாங்கும். அதே சூழலில் அதன் போக்கில் விட்டால் தானாக முன்வரும்.

ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: மற்றவர்கள் அவளைக் கவனிக்காமல் இருக்கிறார்களா, அல்லது வேண்டாம் என்று விலக்குகிறார்களா? இரண்டும் ஒன்றல்ல. ஜான் கோய், கென்னத் டாட்ஜ் முதலிய ஆய்வாளர்கள் 1980களில் வகுப்பறைகளை ஆராய்ந்து இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காட்டினார்கள். கவனிக்கப்படாத பிள்ளையின் நிலை எளிதில் மாறக்கூடியது. விலக்கப்பட்ட பிள்ளையின் நிலையோ பெரியவர்கள் தலையிடாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே நீடிக்கக்கூடும். பழைய பள்ளியில் யார் கண்ணிலும் படாமல் இருந்த பிள்ளைக்குப் புதிய இடம் நன்மையாக முடிவதும் உண்டு. அங்கே அதைப் பற்றி யாருக்கும் முன்முடிவு இல்லாததால், முன்பைவிடத் தாராளமாகப் பழகத் தொடங்கும்.

விளையாடும் கூட்டத்தில் எப்படிச் சேர்வது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

முடியும். பெற்றோர் கற்றுத்தரக்கூடியவற்றுள் மிகுந்த பயன் தருவது இதுதான் என்பது என் கருத்து. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நான்கு சிறுவர்கள் பந்து விளையாடுகிறார்கள். புதிதாக வந்த பையன் நேரே நடுவில் போய், "என்ன கேம் இது? எங்க பழைய ஸ்கூல்ல இப்படி ஆட மாட்டோம். நான் பெரிய டீம்லயே ஆடியிருக்கேன்" என்கிறான். ஆட்டம் நிற்கிறது. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "நாங்க ஏற்கெனவே ஆள் பிரிச்சிட்டோம்" என்று ஒருவன் சொல்ல, ஆட்டம் அவன் இல்லாமலே தொடர்கிறது. அவன் கெட்டவன் அல்லன், ஆர்வத்தில்தான் பேசினான். ஆனால் வந்த ஒரு நிமிடத்துக்குள் ஆட்டத்தை நிறுத்தினான், விளக்கம் கேட்டான், குறை சொன்னான், தன்னைப் பற்றிப் பேசினான்.

மார்த்தா புட்டல்லாஸும் ஜான் காட்மனும் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதையே காட்டியது. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் இருவருடன் சேர முயல்வதை அவர்கள் கவனித்தார்கள். கேள்வி கேட்பது, தன்னைப் பற்றிச் சொல்வது, தன் கருத்தைச் சொல்வது, மறுத்துப் பேசுவது ஆகியவை புறக்கணிப்பிலோ மறுப்பிலோ முடிந்தன. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் போக்கைப் புரிந்துகொண்டு அதோடு இணைந்து போனவர்களுக்கு இடம் கிடைத்தது.

அதே மைதானத்தில் வேறொரு பையன் என்ன செய்வான் என்று பாருங்கள். எல்லைக்கோட்டுக்கு அருகில், அவர்கள் பார்வையில் படும்படி வந்து நிற்பான். சிறிது நேரம் ஆட்டத்தைப் பார்ப்பான். யாராவது நன்றாக அடித்தால், "சூப்பர்!" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்வான். பந்து எல்லை தாண்டி ஓடி வரும்போது எடுத்து எறிந்துவிட்டு அதே இடத்தில் நிற்பான். இரண்டு மூன்று முறை பந்து எடுத்துக் கொடுத்த பிறகு, ஆட்டத்தில் ஓர் இடைவெளி விழும்போது, "நான் இந்தப் பக்கம் நின்னு ஃபீல்டிங் பண்ணட்டுமா?" என்று கேட்பான். "என்னையும் சேத்துக்கிறீங்களா?" என்பதைவிட இக்கேள்வி பலன் தருவதற்குக் காரணம் உண்டு. முன்னது அவர்கள் இவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கேள்வி. பின்னது ஆட்டத்துக்கு உதவி. சொல்லப்போனால், அவன் பந்து எடுத்துப்போட்டபோதே பாதி சேர்ந்துவிட்டான்.

இதை அறிவுரையாகச் சொன்னால் பிள்ளை மறந்துவிடும். வீட்டில் நடித்துப் பழக வேண்டும். நீங்களும் உடன்பிறந்தவரும் விளையாடுங்கள், பிள்ளை வந்து சேரட்டும். பிறகு பாத்திரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் வேண்டுமென்றே, "இப்ப வேணாம்" என்று மறுத்துப் பாருங்கள். எல்லோருக்கும் பிடித்த பிள்ளைகள்கூட அடிக்கடி இந்த மறுப்பைச் சந்திக்கிறார்கள். அவர்கள் அதைத் தமக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்கிறார்கள், அல்லது வேறு கூட்டத்தைப் பார்க்கிறார்கள். "சரி, அப்புறம் வரேன்" என்று சொல்லி நகர்வதைக் கூச்சமின்றிச் செய்யப் பழகிய பிள்ளைக்கு மைதானத்தின் மீதுள்ள பயம் பாதி குறைந்துவிடும்.

மாலையில் வீடு திரும்பியதும் பிள்ளையிடம் என்ன கேட்பது?

"இன்னிக்கு யாராவது உன்கூடப் பேசினாங்களா?" என்ற கேள்வி அக்கறையில்தான் பிறக்கிறது. ஆனால் நாள்தோறும் வாசலிலேயே அதைக் கேட்டால், வீட்டில் எல்லோருடைய கவலையும் தன்மீது இருப்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பின்னர் இரண்டில் ஒன்று நடக்கும்: உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக இல்லாத நண்பனை உருவாக்கிச் சொல்லும், அல்லது "ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அறைக்குள் போய்விடும்.

நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேளுங்கள். பக்கத்தில் உட்காருபவருக்கு என்ன வரையப் பிடிக்கும், வகுப்பில் எல்லோரையும் சிரிக்க வைப்பது யார், இன்று மைதானத்தில் என்ன ஆட்டம் நடந்தது என்பன போன்ற கேள்விகளில் பிள்ளை தோற்றதா வென்றதா என்ற சோதனை இல்லை. மேலும், பிறரைக் கவனிக்கும் பழக்கத்தையும் அவை வளர்க்கும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்பதைவிட, சேர்ந்து நடக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ, படுக்கையில் விளக்கணைத்த பிறகோ பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள்.

"எனக்கு அங்க யாருமே இல்ல" என்று பிள்ளை சொல்லிவிட்டால், உடனே வழி சொல்ல வேண்டாம். "கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பக்கத்தில் இருங்கள். யோசனை அடுத்த நாளுக்குக் காத்திருக்கலாம்.

ஆண்டின் நடுவில் சேர்த்திருக்கிறோம். இதில் தனிச் சிக்கல் ஏதேனும் உண்டா?

உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் பலரும் இடம் மாறி, ஆசிரியர் மாறி, ஓரளவு புதியவர்களாகவே இருப்பார்கள். நடுவில் வரும் பிள்ளை மட்டுமே தனித்துப் புதியது. வகுப்பில் ஜோடிகள் முடிவாகியிருக்கும். சாப்பிடும்போது யார் எங்கே அமர்வது என்பதுகூட எழுதப்படாத வழக்கமாகியிருக்கும்.

இன்னொரு சிக்கலை யாரும் எளிதில் கவனிப்பதில்லை. விட்டுப்போன பாடக்குறிப்புகளை எழுதி முடிக்க, இப்பிள்ளையை இடைவேளையிலும் வகுப்பறையிலேயே உட்காரவைத்துவிடுகிறார்கள். ஆசிரியரின் எண்ணம் நல்லதே. ஆனால் நட்பு அமையக்கூடிய ஒரே நேரம் அதனால் பறிபோகிறது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவே கூறுகிறது. குறிப்புகளை வீட்டில் எழுதி முடிக்க வைக்கிறோம், இடைவேளையில் மட்டும் வெளியே விடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். குறிப்பேட்டை வகுப்புத் தோழர் ஒருவரிடமே இரவல் வாங்க வைப்பதும் நல்லது. கேட்கவும் திருப்பிக் கொடுக்கவும் நன்றி சொல்லவும் அதில் மூன்று சந்தர்ப்பங்கள் இருக்கின்றன.

ஆசிரியரிடம் வேறு என்ன உதவி கேட்கலாம்?

"என் பையனுக்கு நண்பர்களே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஆசிரியருக்கு என்ன செய்வதென்று தெரியாது. செய்யக்கூடிய சிறிய ஏற்பாட்டைக் கேளுங்கள்: இனிமையாகப் பழகும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் சில வாரங்கள் இடம் தர முடியுமா, கரும்பலகை துடைப்பது, நோட்டுகளைப் பகிர்ந்து கொடுப்பது போன்ற வேலையை வேறொரு பிள்ளையோடு சேர்த்து இருவராகச் செய்யச் சொல்ல முடியுமா, குழுப்பணியில் "நீங்களே ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று விடாமல் ஆசிரியரே குழு பிரிக்க முடியுமா என்று கேட்கலாம். இவற்றுள் கடைசியானது முக்கியமானது. பிள்ளைகளே ஆள் எடுக்கும்போது கடைசியில் எஞ்சி நிற்கும் அந்தச் சில விநாடிகள் புதிய பிள்ளைக்கு மிகவும் கொடியவை.

வகுப்பை அமைக்கும் முறையே நட்பை மாற்றக்கூடும் என்பதற்கு எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய கற்பித்தல் முறை நல்ல சான்று. வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்ந்து, பகையும் அவநம்பிக்கையும் நிலவிய காலம் அது. அவர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். முழுப் பாடத்தையும் அறிய வேண்டுமானால் ஒவ்வொருவர் சொல்வதையும் மற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும். கேலி செய்து வாயடைத்தால் இழப்பு எல்லோருக்கும். இப்படிப் படித்த பிள்ளைகளிடையே ஒருவர்மீது ஒருவருக்கு விருப்பம் கூடியது. புதியவர் ஒருவர் வந்திருக்கும் வகுப்பில் வாரத்துக்கு ஓரிரு பாடங்களை இம்முறையில் நடத்தினால் கூடப் பயன் இருக்கும்.

வகுப்பின் முன் நிறுத்தி, "இவளுக்கு யாரும் இல்லை, எல்லோரும் அன்பாக இருங்கள்" என்று அறிவிப்பதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய பள்ளித் தோழிகளை நினைத்து அழுகிறாள். அந்தத் தொடர்பை நிறுத்திவிட்டால் புதிய இடத்தில் விரைவாக ஒட்டுவாளா?

நிறுத்த வேண்டாம். தனக்கு ஒரு காலத்தில் நல்ல தோழிகள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள் என்ற நினைவுதான் புதியவர்களை அணுகும் துணிவைத் தருகிறது. வார இறுதியில் ஒருமுறை பேசுவது, படம் வரைந்து அனுப்புவது போன்றவை அதற்குப் போதும். ஒவ்வொரு மாலையும் மணிக்கணக்கில் பழைய தோழிகளோடு பேசியே கழிகிறதென்றால், பேச்சுக்கு ஒரு நேரம் குறித்துக்கொள்ளலாம். அழுகையைப் பொறுத்தவரை, பிரிவு உண்மையானது. அதற்கு அழுவது இயல்பு. "இங்கேயும்தான் பிள்ளைகள் இருக்கிறார்களே" என்று சொன்னால் தோழியை ஒரு பொருளைப்போல் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதாகிவிடும்.

மற்றவர்கள் வைத்திருக்கும் பொருள்களையே வாங்கிக் கொடுத்தால் எளிதில் சேர்த்துக்கொள்வார்களா?

ஓரளவு வரை இதில் நியாயம் உண்டு. சீருடையின் நீளம், பையின் அமைப்பு, காலணியின் நிறம் ஆகியவற்றில் பிள்ளை மட்டும் தனித்துத் தெரியாமல் பார்த்துக்கொள்வது, குறிப்பாக 10 வயதுக்கு மேல், வீண் ஆடம்பரம் ஆகாது. வகுப்பே பேசும் ஒரு விளையாட்டின் விதிகளைத் தெரிந்துகொள்வதும் அப்படித்தான். பேச்சில் கலந்துகொள்ள ஒரு நுழைவாயில் வேண்டும்.

ஆனால் அன்பளிப்புகளால் நட்பைப் பெற முயல்வதை ஊக்குவிக்காதீர்கள். தின்பண்டமும் பேனாவும் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளை, கொடுப்பதை நிறுத்தியதும் என்ன ஆகும் என்ற பயத்திலேயே இருக்கும். தனக்குப் பிடித்ததை மறைத்து, பிடிக்காததைப் பிடித்ததாகக் காட்டி ஒரு கூட்டத்தில் இருப்பதும் பிள்ளையைக் களைப்படையச் செய்யும். பூச்சிகளைப் பற்றிப் படிப்பதில் ஆசையுள்ள பிள்ளைக்கு, அதே ஆசையுள்ள இன்னொரு பிள்ளை பள்ளி முழுவதிலும் ஒன்றாவது இருக்கும். வகுப்பில் இல்லாவிட்டால் நூலகத்திலோ, அறிவியல் மன்றத்திலோ, சதுரங்கப் பலகையின் எதிர்ப்புறத்திலோ இருக்கும். அங்கே தேடுவதுதான் நல்லது.

பள்ளியில் பேசும் மொழி என் பிள்ளைக்குச் சரியாகத் தெரியாது. என்ன செய்வது?

புதிய மொழிச் சூழலுக்குள் வரும் பிள்ளைகள் சில வாரங்களோ சில மாதங்களோ பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது வழக்கம். அது கற்றலின் ஒரு கட்டம். அன்றாடப் பேச்சு மொழி கைவர ஏறத்தாழ 2 ஆண்டுகளும், பாட மொழியில் சக மாணவர்களுக்கு நிகராக வர 5 முதல் 7 ஆண்டுகளும் ஆகலாம் என்பது ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக்கல்வி அறிஞர் ஆராய்ந்து சொன்னது. நட்பு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டம், பந்து, ஓவியம், கட்டைகளை அடுக்குவது ஆகியவற்றுக்குப் பேச்சு குறைவாகவே தேவை. மைதானத்தில் அன்றாடம் புழங்கும் சில தொடர்களை முதலில் கற்றுக்கொடுங்கள்: "இப்ப என் முறை", "இன்னொரு தடவை ஆடலாமா", "நீ என் பக்கம் வா". இலக்கணம் பிறகு வரும். இந்தக் காரணத்துக்காக வீட்டில் தாய்மொழியைக் கைவிட வேண்டாம். பிள்ளை மனம்விட்டுப் பேச ஒரு மொழி வேண்டும்.

ஒரே ஒரு நண்பன்தான் இருக்கிறான். அது போதுமா?

போதும் என்று உறுதியாகவே சொல்வேன். எர்னெஸ்ட் ஹாட்ஜஸ், வில்லியம் புகோவ்ஸ்கி முதலியோர் நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவு இதற்குத் துணை நிற்கிறது. பயந்த சுபாவமும் வருத்தமும் உள்ள பிள்ளைகள் மேலும் மேலும் துன்புறுத்தலுக்கு ஆளாகும் போக்கு, பரஸ்பரம் நெருங்கிய நண்பர் ஒருவர் உள்ளவர்களிடம் காணப்படவில்லை. எல்லோருக்கும் பிடித்தவராக இருப்பது வேறு, நட்பு வேறு. முன்னது இல்லாமலும் பின்னது அமையும்.

ஒரே நண்பன் விடுப்பு எடுத்தாலோ, பள்ளி மாறினாலோ பிள்ளை தவித்துப்போகும் என்ற கவலை நியாயமானது. ஆகவே சேர்ந்து உட்காரவும் சிரித்துப் பேசவும் இரண்டு மூன்று பழக்கமானவர்கள் இருப்பது நல்லது. அதற்காக, இருக்கும் நட்பைச் சிறியது என்று குறைத்துப் பேசாதீர்கள்.

வயதுக்கு வயது நட்பின் பொருள் மாறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ராபர்ட் செல்மன் என்ற உளவியலாளர் விளக்கியபடி, 5 வயதில் நண்பன் என்றால் இப்போது பக்கத்தில் இருந்து விளையாடுபவன். காலையில் "உன் பேச்சு கா" என்றவர்கள் மாலையில் பழம் விட்டுக்கொள்வார்கள். 10 வயதை ஒட்டி ரகசியம் காப்பதும் நம்பிக்கையும் நட்பின் பகுதியாகின்றன. அந்த வயதில் நட்பு முறிந்தால் அது உண்மையான இழப்பு.

வகுப்புத் தோழர்களை வீட்டுக்கு அழைக்கலாமா?

அழைக்கலாம்; ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அழைப்பது நல்லது. மூவரானால் இருவர் சேர்ந்து ஒருவரை விட்டுவிடுவது எளிதில் நடக்கும், அதுவும் விடப்படுவது உங்கள் பிள்ளையாகவே இருக்கக்கூடும். முதல் சந்திப்பை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இருவரும் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சும்போது முடிந்தால் அடுத்த முறைக்கு ஆவல் இருக்கும். பிள்ளை பகிர விரும்பாத பொம்மைகளை முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். திரையை அணைத்து வையுங்கள். அருகில் இருங்கள், ஆனால் நடுவில் உட்காராதீர்கள்.

கேலி செய்கிறார்கள், ஒதுக்குகிறார்கள் என்கிறான். எப்போது தலையிட வேண்டும்?

நார்வேயில் பள்ளித் துன்புறுத்தலை எதிர்த்து 1983இல் நடந்த நாடு தழுவிய இயக்கத்துக்கு வழிகாட்டிய டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர், துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதபடி பலம் ஒருபக்கமாகவே இருப்பது. ஒருநாள் சண்டையில் வந்த வசைச்சொல் இதில் சேராது. நாள்தோறும் ஒரே பெயர் வைத்துக் கூப்பிடுவது, அவன் உட்கார்ந்ததும் எல்லோரும் எழுந்து போவது, அவனிடம் பேசக் கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லி வைப்பது ஆகியவை சேரும். அடி விழாவிட்டாலும் இவை துன்புறுத்தலே.

அப்படியென்றால் பிள்ளையே சமாளிக்கட்டும் என்று விடக் கூடாது. பலம் குறைந்தவரால் தனியாகச் சமாளிக்க முடியாது என்பதுதானே அதன் இலக்கணம். "திருப்பி அடி", "கண்டுக்காத" என்ற இரண்டு அறிவுரைகளும் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவன் தலையிலேயே வைக்கின்றன. என்று, எங்கே, யார், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்பதைத் தேதியோடு எழுதி வைத்து, வகுப்பாசிரியரிடமும் தேவையானால் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் கொடுங்கள். எதிர்த்தரப்புப் பிள்ளையையோ அதன் பெற்றோரையோ நீங்களே நேரில் மடக்கிக் கேட்பது நிலைமையை மோசமாக்கும். உங்கள் மகனிடம் முதலில் சொல்ல வேண்டியது: "நீ சொன்னது நல்லதாப் போச்சு. இது உன் தப்பு இல்ல."

கைபேசியில் வகுப்புக் குழு இருக்கிறதாம்; அதில் சேர்க்காவிட்டால் ஒதுங்கிவிடுவானா?

குழுவுக்கான வயது வரம்பும் பள்ளி விதியும் அனுமதித்தால், உங்கள் கண்பார்வையில், நேரம் குறித்துச் சேர்க்கலாம். அனுமதிக்காவிட்டால், அங்கே வரும் வீட்டுப்பாடச் செய்திகளையும் அழைப்புகளையும் வேறொரு பெற்றோர் வழியாகத் தெரிந்துகொள்ளுங்கள். திரைக்குழு ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தைத் தொடர உதவும். முகம் தெரியாத புதியவரை நண்பராக்குவதில் அதற்குப் பங்கு குறைவு.

எப்போது மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நாட வேண்டும்?

பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலியோ தலைவலியோ வந்து விடுமுறை நாளில் காணாமற்போவது, தூக்கமும் உணவும் கெடுவது, முன்பு ஆசையோடு செய்தவற்றில் விருப்பம் போவது, பள்ளிக்குப் போகவே மறுப்பது ஆகியவை சில வாரங்கள் தொடர்ந்தால் தாமதிக்காமல் நாடுங்கள். வலியை "நடிப்பு" என்று சொல்லாதீர்கள். மனக்கலக்கத்தால் வரும் வலியும் உண்மையாகவே வலிக்கும்.

வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்தால், அது தெரிவுசார் பேசாமை என்ற கலக்கநிலையாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோய் வகைப்பாட்டின்படி, இந்நிலை குறைந்தது ஒரு மாதம் நீடித்திருக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தோடு அது முடிந்துவிட்டால் கணக்கில் சேராது. பள்ளி மொழி தெரியாததால் மட்டும் பேசாதிருப்பதும் இதில் அடங்காது. இது பிடிவாதம் அன்று. மிரட்டியும் பரிசு காட்டியும் பேசவைக்க முயலாமல், பயிற்சி பெற்றவரின் உதவியோடு படிப்படியாக அணுகினால் பெரும்பாலும் நல்ல முன்னேற்றம் இருக்கும். சாக வேண்டும் என்பது போன்ற பேச்சு பிள்ளையின் வாயிலிருந்து ஒருமுறை வந்தாலும் அன்றே உதவி தேடுங்கள்.

நண்பன் கிடைத்துவிட்டான், ஆனால் அவனை எங்களுக்குப் பிடிக்கவில்லை.

எது பிடிக்கவில்லை என்று முதலில் நீங்களே பிரித்துப் பாருங்கள். சத்தமாகப் பேசுகிறான், மதிப்பெண் குறைவு, வீட்டு நிலை வேறு என்பவை காரணமானால், அதைப் பிள்ளையிடம் சொல்லாமல் விட்டுவிடுங்கள். தவித்துக்கொண்டிருந்த உங்கள் பிள்ளைக்கு முதலில் பக்கத்தில் இடம் கொடுத்தவன் அவன். வீட்டுக்கு அழைத்துப் பழகிப் பாருங்கள்.

அவனோடு இருந்துவிட்டு வரும் நாட்களில் பிள்ளை வாடிப்போய் வருகிறதென்றால், அவன் கட்டளையிட இவன் பணிவதாக மட்டுமே அந்த உறவு இருக்கிறதென்றால், திருடவோ பொய் சொல்லவோ தூண்டுதல் இருக்கிறதென்றால், செயலைக் குறிப்பிட்டுப் பேசுங்கள். "அவன் கெட்டவன், அவனோட சேராதே" என்று தடைவிதித்தால் சந்திப்பு மறைவாகத் தொடரும். "நேத்து உன் நோட்டைக் கிழிச்சப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் பிள்ளை யோசிக்கத் தொடங்கும். அதற்கிடையே மாலை விளையாட்டுப் பயிற்சியிலோ இசை வகுப்பிலோ சேர்த்து, வேறு சில பிள்ளைகளோடும் பழக வழிசெய்யுங்கள். வேறு துணையும் உண்டு என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் பிடிக்காததை மறுத்துச் சொல்லத் துணிவு வரும்.